இரண்டாவது சொம்பு

சங்கரன்கோவிலில் விடிந்ததும் பெண்கள் ஒருவரையொருவர் "காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்பதில்லை. "தாள் நனைச்சாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை. எப்படியும் "ஆச்சு, ஆச்சு" என்றுதான் வரும். ஆண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவு. கூலிக்குப் போகிறவர்கள் மட்டும், தாளில் குறி தெரிந்தால் நிழல் வேலை கிடைக்குமே என்று குறிநிலையத்தில் வரிசை கட்டி நிற்பார்கள். சொந்தத் தறி, சொந்தக் கடை என்று இருக்கிற ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆவுடைச்செல்வி அந்தக் குறிநிலையத்தின் வாசிப்பாளர். அரசு முத்திரை அவள் கையில் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் வந்து சேரும் சிறுநீர்க் குப்பிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் விரல் நீளக் குறித்தாளை நனைத்து, நிறம் பார்த்துச் சொல்வது அவள் வேலை. வைக்கோல் நிறம் வந்தால் நலம். காவி வந்தால் எச்சரிக்கை. நாவற்பழ நிறம் வந்தால் சிறுநீரகம் அடிபடத் தொடங்கிவிட்டது. கரி நிறம் வந்தால், தொடங்கியது முடியப்போகிறது. முற்பகலில் நிழல் சங்கு ஊதியதும் தெருக்கள் காலியாகி, பொழுது சாய்கிறவரை ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும். அந்த நேரத்திலும் ஆவுடை நிலையத்திலேயே இருப்பாள். வீட்டுக்குப் போனால் பேச அங்கே யாரும் இல்லை.

பெருவெயில் ஆண்டுகளில் தென்மாவட்டங்களில் சிறுநீரகம் செயலிழந்து செத்தவர்களுக்குக் கணக்கில்லை. உடம்பு சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முக்கால்வாசி போயிருக்கும். அதற்குத்தான் இந்தத் தாள் வந்தது. பயோமார்க்கர் என்று மருத்துவர்களும் முன்குறி என்று அரசாங்கமும் சொல்வதை அது பிடித்துக் காட்டும். அடிபடத் தொடங்கும் சிறுநீரகம், வலி என்று ஒன்று வருவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்பே சில புரதங்களைச் சிறுநீரில் நழுவவிடுகிறது. நாவல் நிறத்தில் கண்டுகொண்டால் போதும்: தினம் ஒரு காப்பு மாத்திரை, பகலில் நிழல், தாகம் எடுக்குமுன் தண்ணீர். பேரன் பேத்தி எடுக்கலாம். மாத்திரையும் இலவசம். இவ்வளவு நல்ல பொருளை ஊர் என்ன செய்தது? கல்யாணச் சந்தையில் கொண்டுபோய் வைத்தது.

முன்பு ஜாதகம் பார்த்தார்கள். இப்போது சொம்பு வைக்கிறார்கள். பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார், பூ பழத்தோடு ஒரு வெள்ளிச் சொம்பையும் தட்டில் கொண்டுவருவார்கள். பெண் சபையைக் கும்பிட்டுவிட்டு அந்தச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், நிரப்பி, வெற்றிலையால் மூடிக் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் மாப்பிள்ளையின் அம்மாவே தாளை நனைத்தாள். தங்கச்சியின் நீரை இரவல் வாங்கி நிரப்பிய பெண்கள் சிலர் பிடிபட்ட பிறகு, முத்திரை உள்ள வாசிப்பாளர்தான் வாசிக்க வேண்டும் என்று ஆனது. வாசிப்பாளர் குளியலறை வாசலில் காவல் நிற்பதும் சடங்கில் சேர்ந்துகொண்டது.

ஆவுடை போவாள், நிற்பாள், வாசிப்பாள், முத்திரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். எந்த வீட்டிலும் ஒரு வாய் கேசரி தொட்டதில்லை. "மேடத்துக்குச் சக்கரை இருக்கும்போல" என்று ஊர் பேசிக்கொண்டது. சர்க்கரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கேசரியைப் பார்த்தால் அவளுக்கு உலகநாதன் ஞாபகம் வரும்.

கல்லூரிப் பேருந்தில் இரண்டு வருஷம் அவளோடு பேசிப் பழகியவன் உலகநாதன். அவனே வீட்டில் சொல்லி அவளைப் பெண் கேட்கவும் வைத்தான். அது ஆடித்தபசு சமயம். ஆவுடையின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாதே என்று பயம். "அம்பாளே ஒத்தக் கால்ல நின்னு தவசு பண்ணித்தான் வரம் வாங்கினா. நீ ஒரு நாளு தண்ணி படாம சுத்துனா தேஞ்சா போயிருவ?" என்றாள். மகளும் ஆசையோடுதான் சுற்றினாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், பாதம் கொப்பளிக்கும் கோயில் கல்தரையில் ஆடிச்சுற்று முடித்து வந்து விழுந்தாள். மறுநாள் காலையில் சொம்பு வந்தது. அந்தக் காலத் தாளில் ஒரே ஒரு பட்டைதான் இருக்கும். நா வறண்ட உடம்புக்கும் நோய் பிடித்த உடம்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கல்யாணம் நடக்க வேண்டும் என்று இருந்த விரதமே கல்யாணத்தைத் தின்றுவிட்டது.

உலகநாதனின் அம்மா பாக்கியத்தம்மாள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நாவல் நிறம். "இந்தத் தண்ணி எங்க வீட்டுக்கு ஆகாது" என்று சபைக்கே கேட்கும்படி சொன்னாள். உலகநாதன் கேசரி தின்றுகொண்டிருந்தான். அம்மாவையும் பார்க்கவில்லை, ஆவுடையையும் பார்க்கவில்லை. தட்டில் இருந்த மிச்சத்தை விரலால் வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்தான்.

அடுத்த வாரம் நனைத்தபோது வைக்கோல் நிறம் வந்தது. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஆவுடையின் அப்பா பாக்கியத்தம்மாளிடம் போனார். அவள் வாசற்படி ஏற்றாமலே திருப்பி அனுப்பினாள். அதோடு "நாவல் வீடு" என்று பேர் விழுந்தது. பிறகு யாரும் சொம்போடு வரவில்லை. அப்பா அந்த அவமானத்திலேயே போய்ச் சேர்ந்தார். விரதம் இருக்கச் சொன்ன வாயில் தானே அடித்துக்கொண்டு அம்மாவும் போனாள். ஆவுடை அழவில்லை. வாசிப்பாளர் படிப்பில் சேர்ந்தாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். என்றைக்காவது அந்த வீட்டுச் சொம்பு தன் கையில் வந்து விழும், அன்றைக்குப் பாக்கியத்தம்மாளின் வாக்கியத்தை ஓர் எழுத்துக் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இருபத்துநாலு வருஷமாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நிழல் சங்கு ஊதி அடங்கிய பிறகு, குறிநிலையத்தின் கதவை யாரோ தட்டினார்கள். வெள்ளைக் குடையோடு உலகநாதன் நின்றான். ஆள் பருத்திருந்தான். விசைத்தறிக் கூடத்து முதலாளி என்று சட்டையே சொன்னது.

"நல்லாருக்கீயா ஆவுடை?"

"குப்பி கொண்டாந்தீங்களா?"

"நான் அதுக்கு வரல." உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான். "வெள்ளிக்கெழம எம் மவளுக்குச் சொம்பு வைக்க வாராக. ராஜபாளையத்துச் சம்பந்தம். ஒன்னையத்தான் வாசிக்கக் கூப்பிட்டிருக்கோம்."

"தெரியும். வருவேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு குறித்தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். "வீட்டுல ஒரு ஒத்திகை மாதிரி நனைச்சுப் பாத்தோம். வெயில்ல அலஞ்சிருப்பா போல."

ஆவுடை குனிந்து பார்த்தாள். புதிய தாளுக்கு இரண்டு பட்டைகள். வெயிலாலும் தாகத்தாலும் வரும் அடி மேல்பட்டையில் தெரியும். பிறப்போடு குடும்ப வழியில் வருவது கீழ்ப்பட்டையில் தெரியும். மேல்பட்டை சுத்தமான வைக்கோல். கீழ்ப்பட்டையில் நாவல்.

"இது வெயில் இல்ல" என்றாள்.

"என்னவோ ஒண்ணு. நீ வைக்கோல்னு ஒரு வார்த்த சொல்லி முத்திரைய வச்சிரு. யாரு வந்து கேக்கப்போறா? ஒரு பொம்பளப்பிள்ள வாழ்க்க, ஆவுடை. பழச மனசுல வச்சுக்கிடாத."

பழசாம். சோற்றுப்பானையில் நேற்று மிஞ்சியதைச் சொல்வதுபோலச் சொன்னான். ஆவுடைக்கு உச்சந்தலைவரை எரிந்தது. ஆனால் எரிச்சலுக்கு நடுவே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இவன் கேட்பதைக் கொடுத்துவிட்டால் போதும். அதைவிடப் பெரிய பழி கிடையாது. வைக்கோல் என்று சொல்லி முத்திரை குத்திவிட்டால் அந்தப் பெண் மாத்திரை இல்லாமல் ராஜபாளையம் போவாள். பத்து வருஷம் கழித்து முகம் வீங்கிக் கால் வீங்கித் திரும்பி வருவாள். அப்போது இவன் வந்து கதறுவான். "நீங்கதான கேட்டீங்க?" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த எண்ணம் அவளுக்கு இனித்தது. இனித்ததை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவும் இல்லை.

அப்போதுதான் அவன் செருப்பைக் கழற்றிக் கணுக்காலைச் சொறிந்தான். செருப்பு வார் பதிந்த இடம் மாவில் விரல் அழுத்தியதுபோல் குழிந்து, அப்படியே நின்றது. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. முழங்கையெல்லாம் நகக் கீறல்.

"ஒங்கம்மா எப்பிடிப் போனாக?" என்று கேட்டாள்.

"அம்மாவா? வெயில்ல சுருண்டு விழுந்துட்டா."

"மூஞ்சி வீங்கியிருந்துச்சா?"

"கடைசில... ஆமா. ஏன் கேக்க?"

"ஒங்கண்ணன்?"

"அவனும் வெயில்லதான். நாப்பது முடியல பாவம்."

"நீங்க எப்பவாவது நனைச்சிருக்கீங்களா?"

உலகநாதன் சிரித்தேவிட்டான். "நல்லாக் கேட்ட போ. ஆம்பளைக்கு எதுக்கு அதெல்லாம்?"

ஆவுடைக்கு எல்லாம் விளங்கியது. தாளை ஜன்னலில் தூக்கிப் பிடித்த பாக்கியத்தம்மாள் அந்த நோயைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டுதான் பிடித்திருக்கிறாள். இரண்டு மகன்களுக்கும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அந்த இடத்திலேயே ஆவுடை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அவளிடம் வேறு வாக்கியம் இருந்தது, அதற்குச் சபை வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வாரேன்" என்றாள்.

"ஒன் மனசு எனக்குத் தெரியும் ஆவுடை" என்று கும்பிட்டுவிட்டு அவன் குடையை விரித்தான்.

வெள்ளிக்கிழமை மாலை உலகநாதன் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. ராஜபாளையத்து அம்மா பட்டுப்புடவையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை, செல்பேசியில் கண். உலகநாதனின் மனைவி வடிவு கேசரித் தட்டுகளை நீட்டிக்கொண்டு வந்தாள். ஆவுடை ஒரு தட்டை வாங்கித் தன் அருகில் வைத்துக்கொண்டாள். மேடம் கேசரி வாங்கியதை இரண்டு பெண்கள் வியப்போடு பார்த்தார்கள்.

காந்தள் வந்தாள். உலகநாதனின் ஒரே மகள். கண்ணில் பயம் இருந்தாலும் தலை குனியவில்லை. சபையைக் கும்பிட்டாள், சொம்பை எடுத்தாள், உள்ளே போனாள், வெற்றிலை மூடிக் கொண்டுவந்து வைத்தாள். ஆவுடை தாளை நனைத்துத் தட்டில் கிடத்தினாள். நிறம் ஏறும்வரை கூடத்தில் விசிறிச் சத்தம்தான். உலகநாதன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான்.

"மேல்பட்டை வைக்கோல்" என்றாள் ஆவுடை. உலகநாதன் மூச்சு விட்டான். "கீழ்ப்பட்டை நாவல். மரபுக் குறி."

கூடம் சலசலத்தது. ராஜபாளையத்து அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழப்போனார். "நல்லவேள. அப்ப நாங்க..."

"உக்காருங்கம்மா. வாசிப்பு இன்னும் முடியல." ஆவுடை பையிலிருந்து இன்னொரு சொம்பை எடுத்தாள். வெள்ளியில்லை, சாதாரண எவர்சில்வர். "மரபுக் குறி வந்தா, அது எந்த வழி வந்ததுன்னு பாக்காம முத்திரை வைக்கக் கூடாது. இது சட்டத்துல உள்ளதுதான். யாரும் கேக்குறதில்ல, நாங்களும் செய்யுறதில்ல. இன்னைக்குச் செய்யுதேன்." வடிவின் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குச் சொம்பு வச்சாங்களா?"

"வச்சாங்க. சுத்த வைக்கோல்" என்றாள் வடிவு.

"ஒங்கம்மாவுக்கு?"

"அவுக காலத்துல சொம்பு ஏது? குறிநிலையத்துல நனைச்சாக. வைக்கோல்தான்."

"இந்த வீட்டுக்கு வந்த பொம்பள சொம்புல தேறி வந்தவ. அப்ப இந்தப் பிள்ளைக்கு இது எங்கருந்து வந்திச்சு?"

எல்லோரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள். ஆவுடை இரண்டாவது சொம்பை உலகநாதனின் காலடியில் வைத்தாள்.

"என்ன வெளையாட்டு இது?" என்று அவன் எழுந்தான். முகம் கறுத்துவிட்டது. "ஆம்பளைக்கு எவனாவது சொம்பு வைப்பானா? எந்த ஊர்ல நடக்கு?"

"இந்த ஊர்ல. இன்னைக்கி."

அவன் சபையைப் பார்த்தான். ஒரு ஆணாவது எழுந்து "விடுங்க மேடம்" என்று சொல்வானா என்று பார்த்தான். எல்லா ஆண்களும் அவரவர் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போங்கப்பா" என்றாள் காந்தள். "நான் போனேன்ல?"

உலகநாதன் சொம்பை எடுத்துக்கொண்டு போனான். ஆவுடை எழுந்து போய்க் குளியலறை வாசலில் நின்றாள், பெண்களுக்கு நிற்பதுபோலவே. உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நீர் குறைந்துபோன உடம்பு அது. கடைசியில் அவன் வெளியே வந்தபோது சொம்பின் அடியில்தான் கொஞ்சம் இருந்தது. வெற்றிலை கொடுத்தாள். அவன் அதையும் மூடிக் கொண்டுபோய் நடுவில் வைத்தான்.

தாளின் கீழ்ப்பட்டை நாவல் நிறத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டிப்போய்க் கரியில் நின்றது.

ஆவுடை அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பாக்கியத்தம்மாள் பிடித்த அதே மாதிரி, முழங்கை உயர்த்தி. "உலகநாதா, இந்தத் தண்ணி எந்த வீட்டுக்கும் ஆகாது" என்றாள். கொஞ்சம் மாறிவிட்டது வாக்கியம், பரவாயில்லை, இது இன்னும் நன்றாக இருந்தது. உள்ளே இத்தனை காலம் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் இருந்த கேசரித் தட்டை மடியில் வைத்தாள், சபை எழுந்து போகப் போக நிதானமாகத் தின்றாள். முந்திரியைக்கூட விடவில்லை. மிச்சத்தை விரலால் வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.

ஊருக்குள் அந்தச் செய்தி தீயாகப் பரவியது. அடுத்த முகூர்த்தத்திலேயே ஒரு பெண் வீட்டார், "மாப்பிள்ளைக்கும் ஒரு சொம்பு வைங்க" என்று கேட்டார்கள். அதற்கடுத்து எல்லோரும் கேட்டார்கள். மாப்பிள்ளைகளின் அம்மாக்கள் ஆவுடையின் வாசலில் வந்து மூக்கைச் சிந்தினார்கள். "எம் பையனுக்குக் காவிதான் மேடம், நாவல் இல்ல, பாத்துச் சொல்லுங்க" என்று கெஞ்சினார்கள். ஆவுடை அதைச் சங்கீதம் கேட்பதுபோல் கேட்டாள். அழுங்கள், நன்றாக அழுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு, காலையில் அடுக்கும் குப்பிகள் குறையத் தொடங்கின. முதலில் கூலிக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். நிழல் வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பையனுக்குப் பெண் கிடைக்காமல் போய்விடக் கூடாதே. அப்புறம் பெண்களும் நிறுத்தினார்கள். தாளே நனைக்காத வீட்டில் நாவல் என்று எவன் சொல்ல முடியும்? பெண்கள் தெருவில் ஒருவரையொருவர் "தாள் நனைச்சாச்சா" என்று கேட்பதையும் விட்டுவிட்டார்கள். "காப்பி குடிச்சாச்சா" என்ற பழைய கேள்வி திரும்பி வந்தது.

குப்பி அடுக்கும் மரச்சட்டம் முக்கால்வாசி காலியாக இருந்த ஒரு காலையில் காந்தள் வந்தாள். கையில் ஒரு பை. உட்காரவில்லை.

"மாத்திரைக்கு வந்தியா?" என்றாள் ஆவுடை. "ஒனக்கு ஆரம்பந்தான். ஒழுங்காப் போட்டா ஒண்ணும் ஆகாது."

"அது எனக்குத் தெரியும் மேடம். அப்பா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்காக." பையை மறுகைக்கு மாற்றினாள். "ரத்தம் சுத்தி பண்ண எடம் கெடச்சிருக்கு. திருநெல்வேலில. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா அடுத்தாளுக்குக் குடுத்துருவாங்க. அறைக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாக. சபைல சொம்பு தூக்கினவன் வெளிய எந்த மூஞ்சியோட வருவேன்ங்காக. மூச்சு எறைக்குது. நீர் பிரியல."

ஆவுடை கையிலிருந்த குப்பியைச் சட்டத்தில் வைத்தாள்.

"செவ்வாக்கெழம மத்தியானம் அப்பா இங்க வந்தாக. ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"அன்னைக்கே, இந்தக் கதவச் சாத்திட்டு, நாலு வார்த்த திட்டிச் சொல்லியிருந்தீங்கன்னா வந்திருப்பாக. நீங்க வெள்ளிக்கெழம வரைக்கும் வச்சிருந்தீங்க." காந்தள் மரச்சட்டத்தைக் கையால் தடவினாள். காலியான குழிகளில் விரல் போயிற்று. "எங்க ஆச்சி ஒங்களுக்குப் பண்ணுனது பாவந்தான். அம்மா எல்லாம் சொல்லிச்சு. எனக்கே கோவம் வந்திச்சு. ஆனா நீங்க அந்தச் சொம்ப ஒடச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் மேடம். பக்கத்துல இன்னொண்ண வச்சீங்க. அவ்வளவுதான்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். ஆவுடை அந்தச் சட்டத்தைப் பார்த்தாள். பாக்கியத்தம்மாள் ஒரே ஒரு பெண்ணைத்தான் திருப்பி அனுப்பினாள். தான் ஒரு ஊரையே நனைக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்தபோது கேசரியின் இனிப்பு தொண்டையில் புளித்துக்கொண்டு மேலே வந்தது.

"என்ன செய்யச் சொல்லுத?" என்றாள்.

காந்தள் பையிலிருந்து அந்த எவர்சில்வர் சொம்பை எடுத்தாள். அன்றைக்கு ஆவுடை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. அதை மேசையில் வைத்தாள்.

"நீங்க எப்ப நனைச்சீங்க, மேடம்?"

ஊரில் அத்தனை பேருக்கும் நிறம் சொன்ன ஆவுடைச்செல்வி, அப்பா கொண்டுபோய்த் திரும்பி வந்த அந்த வைக்கோல் தாளுக்குப் பிறகு, ஒரு நாளும் தனக்கு நனைத்ததில்லை. நம்பாத ஊருக்கு இன்னொரு தாள் எதற்கு என்ற வீம்பு. வீம்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். சொம்பைத் தொடக் கை நீளாதபோது, அது வீம்பு இல்லை, பயம் என்று தெரிந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது.

"போங்க மேடம்" என்றாள் காந்தள், அப்பாவிடம் சொன்ன அதே குரலில். "ஒங்க தாளக் கொண்டுபோயி அப்பா முன்னால வைக்கணும். வேற எதச் சொன்னாலும் அவுக கதவத் தெறக்க மாட்டாக."

ஆவுடை சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காந்தள் பின்னால் வந்து குளியலறை வாசலில் காவல் நின்றாள். ஆவுடை சொம்போடு திரும்பி வந்தாள். தாளை அவளே நனைத்தாள், தட்டில் கிடத்தினாள். நிறம் ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ பாத்துச் சொல்லு" என்றாள்.

காந்தள் குனிந்து பார்த்தாள்.

"மேல்பட்டை" என்றாள் மெல்ல. "வெயில் குறி. மாத்திரைய ரெண்டு பேருக்கும் சேத்து எடுத்து வைங்க மேடம்."

ஆவுடை கண்ணைத் திறந்தாள். நல்ல நாவல். ஊருக்கெல்லாம் நிழல் சொல்லிவிட்டு, சங்கு ஊதிய பிறகும் தகரக் கூரைக்குக் கீழே கோபத்தைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்கள் எல்லாம் அந்தப் பட்டையில் இருந்தன. கரி இல்லை. பிழைக்கிற நிறம்தான். அவள் சான்றுத் தாளை இழுத்தாள், தன் பெயரை எழுதினாள், நாவல் என்று எழுதினாள். முத்திரையை எடுத்து அதன்மேல் தானே குத்தினாள். முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

"இதக் கொண்டுபோயிக் காட்டு" என்று நீட்டினாள். "மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லாத. அது இல்ல, வரவும் வராது. எந் தண்ணியும் எந்த வீட்டுக்கும் ஆகாதாம்னு சொல்லு. ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரிச் சத்தமாவே சொல்லு. நானும் திருநெல்வேலிக்கு வாரேன், பக்கத்துக் கட்டில்ல ஒக்காந்து ரத்தப் பரிசோதன பண்ணிக்கிடுதேன்னு சொல்லு. கதவத் தெறந்தாருன்னா வண்டியக் கூப்பிடு."

காந்தள் தாளை வாங்கி, ஈரம் படாமல் சான்றோடு சேர்த்து மடித்தாள். நன்றி என்று சொல்லவில்லை. கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"தெறக்கலைன்னா?"

நிழல் சங்கு ஊதத் தொடங்கியது. ஆவுடை எழுந்து மூலையில் இருந்த குடையை எடுத்தாள்.

"நட. நானே வந்து தட்டுதேன்."